தாம்பரத்துக்குப் புதுசா? முதலில் கிழக்கா மேற்கா என்று கேளுங்கள்

தாம்பரம் என்றாலே பலருக்கு "அங்கே இறங்கி மாறணும்" என்பதுதான். தெற்கிலிருந்து ராத்திரி ரயிலில் வருபவர்கள் விடியற்காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பெட்டியை இறக்கும் இடம், சென்னை பீச் ஸ்டேஷனுக்குப் போகிற லோக்கல் ரயில் பிடிக்கும் இடம், அவ்வளவுதான். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் வாடகைக்கு வந்தேன், வருஷம் பத்துக்கு மேல் ஓடிவிட்டது. இப்போது சொந்தக்காரப் பசங்க யாராவது வேலை கிடைத்து இந்தப் பக்கம் வந்தால் முதல் போன் எனக்குத்தான் வருகிறது: எப்படிப் போவது, எங்கே ஏறுவது, ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

1. எந்தப் பக்கம்?

தண்டவாளம் ஊரை இரண்டாக வெட்டுகிறது. கிழக்கு தாம்பரம், மேற்கு தாம்பரம் என்பது தபால் முகவரிக்காக வைத்த பேர் இல்லை, அன்றாடம் உங்கள் அரை மணி நேரத்தைத் தீர்மானிக்கிற விஷயம். மேற்கில் ஜிஎஸ்டி ரோடு (வரி இல்லை, கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு, வரி வருவதற்கு ரொம்ப காலம் முன்பே இருக்கிற பேர்), பெரிய பஸ் ஸ்டாண்ட், சண்முகம் சாலைக் கடைகள், முடிச்சூர் ரோடு. கிழக்கில் வேளச்சேரி மெயின் ரோடு, எம்.சி.சி. (மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்), சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், அப்படியே நேராகப் போனால் மேடவாக்கம்.

வந்த புதிதில் ஒரு நண்பனைப் பார்க்கப் போனேன். "பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல டீக்கடைகிட்ட நிக்கிறேன்" என்றான். நானும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் டீக்கடையில்தான் நின்றேன். முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் போனில் சண்டை போட்டு முடித்த பிறகுதான் அவன் கிழக்கு, நான் மேற்கு என்று தெரிந்தது. அன்றிலிருந்து யார் தாம்பரம் என்றாலும் என் முதல் கேள்வி "ஈஸ்ட்டா, வெஸ்ட்டா?"

நடந்து போவதாக இருந்தால் ஸ்டேஷன் நடை மேம்பாலத்தில் ஏறி இறங்கினால் பத்து நிமிஷத்துக்குள் மறுபக்கம் வந்துவிடலாம். வண்டி என்றால் சுற்றிக்கொண்டு பாலம் ஏறி வர வேண்டும், சாயங்கால நெரிசலில் அந்தச் சின்னச் சுற்றுக்கே இருபது நிமிஷம் போகும். அதனால் ஆப்பில் ஆட்டோ புக் பண்ணும்போது வரைபடத்தில் ஊசி தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் குத்தியிருக்கிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள். தப்பான பக்கம் குத்திவிட்டு டிரைவரோடு மல்லுக்கட்டுவதைவிட, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலம் ஏறி மறுபக்கம் போய் புக் பண்ணுவது லாபம்.

2. ரயில்தான் முதுகெலும்பு

பீச் முதல் தாம்பரம் வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-ல். அந்தப் பாதை இல்லாவிட்டால் இந்தப் புறநகரே இல்லை, குரோம்பேட்டை, பல்லாவரம் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தன. இன்றைக்கும் நகருக்குள் போக இதைவிட மலிவான, நம்பகமான வழி கிடையாது. குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய், தாம்பரத்திலிருந்து பீச் வரைக்குமே 10 ரூபாய்தான், ஒரு டீ விலைக்கும் குறைவு. சுமார் ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

டிக்கெட்டுக்கு கவுன்டரில் நிற்க வேண்டாம். ரயில்வேயின் ஆப்பை வீட்டிலேயே போனில் போட்டு, கொஞ்சம் பணமும் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போதே டிக்கெட் எடுத்துவிடலாம். மறந்துவிட்டால் ஸ்டேஷனில் க்யூஆர் ஒட்டியிருப்பார்கள், ஆட்டோமேட்டிக் மெஷினும் உண்டு. "ரெண்டு ஸ்டேஷன்தானே" என்று சும்மா ஏறிவிடாதீர்கள், பிடித்தால் டிக்கெட் காசோடு 250 ரூபாய் அபராதம். தினமும் போகிறவர் சீசன் எடுத்துவிடுவது நல்லது.

அடுத்து உட்காரும் கலை. காலையில் நகர்ப்பக்கம் போகிற ரயில்களில் இரண்டு வகை: செங்கல்பட்டிலிருந்து வருவது, தாம்பரத்திலிருந்தே கிளம்புவது. முதல் வகை கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கத்திலேயே நிரம்பி மூச்சுத் திணறிக்கொண்டு வந்து சேரும். இரண்டாவது வகை காலியாக நிற்கும், ஜன்னல் சீட்டே கிடைக்கும். போர்டில் எது எங்கே கிளம்புகிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் ஒரு ரயிலை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுங்கள். ஞாயிற்றுக்கிழமை தனி அட்டவணை, ரயில்கள் குறைவு. அன்றைக்கு அவசரப்பட்டு ஒன்றும் ஆகாது.

2025 ஏப்ரலிலிருந்து இந்தப் பாதையில் ஏசி ரயிலும் ஓடுகிறது. சாதாரண டிக்கெட் அதில் செல்லாது, குறைந்தபட்சமே 35 ரூபாய். மே மாத மதியத்தில் அந்தக் காசு வலிக்கவே வலிக்காது, ஆனால் நேரம் பார்த்துப் போக வேண்டும், நினைத்தபோதெல்லாம் வராது.

எந்த ஸ்டேஷனில் எதற்கு இறங்குவது: விமான நிலையம் என்றால் திரிசூலம், ரோட்டைக் கடக்கச் சுரங்கப்பாதை இருக்கிறது, வெளியே வந்தால் எதிரில் ஏர்போர்ட்தான். ஆட்டோக்காரர்கள் கேட்கிற காசைக் கேட்டுவிட்டு இந்த வழியை யோசித்தால் சிரிப்பு வரும். மெட்ரோ பிடிக்க கிண்டி. துணிக்கடை, பாத்திரக்கடை என்று முழு நாள் அலைய மாம்பலம். அரசுப் பொது மருத்துவமனைக்கோ சென்ட்ரலுக்கோ பார்க்.

ஒரு எச்சரிக்கை. நகரிலிருந்து திரும்பும்போது தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். "தாம்பரம்" என்று காதில் விழுந்ததும் பாதித் தூக்கத்தில் அங்கே குதித்துவிடுகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது என் கண்ணில் படுகிறார்கள். மெப்ஸ் தொழிற்பேட்டை அங்கேதான், அதனால் ஷிப்ட் முடிகிற நேரத்தில் அந்த பிளாட்பாரத்தில் ஏறுவதே ஒரு போராட்டம்.

3. பஸ்

மேற்கு பஸ் ஸ்டாண்டில் எண்களை மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை, மூன்று போதும். 21ஜி கிண்டி வழியாக பிராட்வே, 500 செங்கல்பட்டு, 66 பல்லாவரம், குன்றத்தூர் வழியாக பூந்தமல்லி. காஞ்சிபுரம் பஸ்ஸும் மேற்கிலிருந்துதான், படப்பை, ஒரகடம், வாலாஜாபாத் வழியாகப் போகும். வேளச்சேரி, மேடவாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் போகிறவர்கள் மேற்கில் நின்று காத்திருக்காதீர்கள், கிழக்குக்கு வந்துவிடுங்கள்.

எண்ணுக்குப் பின்னால் ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தாலோ, கண்ணாடியில் "கட்" என்று எழுதியிருந்தாலோ ஏறும் முன் கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். கட் சர்வீஸ் என்றால் பாதி வழியில் திரும்பிவிடும். பெண்களுக்கு சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021-லிருந்து டிக்கெட் இல்லை, பிங்க் பெயின்ட் அடித்த பஸ் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம், டீலக்ஸ், ஏசிக்கு இது கிடையாது. நம்மைப் போன்ற ஆண்களுக்கு சாதாரண பஸ்ஸில் 5 ரூபாயிலிருந்து ஆரம்பம். சில்லறை வைத்திருங்கள், இருநூறு ரூபாய் நோட்டை நீட்டி கண்டக்டரின் முறைப்பை வாங்க வேண்டாம்.

4. ஷேர் ஆட்டோ இலக்கணம்

கிழக்கில் வாழ்வதென்றால் ஷேர் ஆட்டோ பழக வேண்டும். ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்தாலே "கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம்" என்று ஒரே மூச்சில் ஒரு குரல் கேட்கும். வழியில் இருக்கிற ஊர்களும் அதே வரிசைதான், அதனால் அந்தக் கூப்பாட்டையே வரைபடமாக மனதில் வைத்துக்கொள்ளலாம். ஏறும் முன் இடத்தைச் சொல்லி எவ்வளவு என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் "மாடம்பாக்கம் ரோடு முனைக்கு எவ்வளவுங்க?" என்று கேளுங்கள், சரியான விலையும் கிடைக்கும், எங்கே இறங்கினால் சுற்று குறைவு என்ற அறிவுரையும் இலவசமாகக் கிடைக்கும்.

"இன்னும் ஒரு ஆள்தான்" என்று டிரைவர் சொன்னால் மூன்று பேர் என்று அர்த்தம். அவசரம் என்றால் நிரம்பிய வண்டியாகப் பார்த்து ஏறுங்கள், அதுதான் முதலில் கிளம்பும். இறங்கும் இடத்துக்கு நூறு அடி முன்பே "அண்ணே, ஓரமா நிறுத்துங்க" என்று குரல் கொடுக்க வேண்டும், இடத்தில் வந்து சொன்னால் அடுத்த சிக்னலில்தான் இறங்குவீர்கள்.

5. ஊருக்குப் போக: கிளாம்பாக்கம்

திருச்சி, மதுரை, நெல்லை என்று தெற்கே போகிற அரசு பஸ்கள் இப்போது கோயம்பேட்டிலிருந்து கிளம்புவதில்லை. 2023 டிசம்பர் 30-ல் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்துதான். நகருக்குள் இருப்பவர்கள் இதைத் திட்டித் தீர்த்தார்கள், தாம்பரத்துக்காரர்களுக்கு மட்டும் அடித்தது யோகம். ஜிஎஸ்டி ரோட்டில் மாநகரப் பேருந்து பிடித்தால் வண்டலூர் தாண்டி அங்கேயே இறக்கிவிடும். பெங்களூர் பக்கம் என்றால் இன்னமும் கோயம்பேடு, ஆந்திரா என்றால் மாதவரம். தீபாவளி, பொங்கலுக்கு முந்தின நாள் மட்டும் பெருங்களத்தூரைத் தாண்டவே எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கு வண்டலூர் வரை லோக்கல் ரயிலில் போய், அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடியுங்கள்.

6. சரி, லீவு நாளில் எங்கே போவது?

வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், பல்லாவரம் சந்தை. மூன்று ஸ்டேஷன் தள்ளி இறங்கி, பழைய டிரங்க் ரோட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு நடங்கள், வாரத்தில் ஒருநாள் மட்டும்தான். ரோடு நெடுக தார்ப்பாயை விரித்து உலகத்தில் உடைந்த சாமான் எல்லாவற்றையும் கொட்டி வைத்திருப்பார்கள்: ரிமோட்டுகள் ஒரு மலை, ஜோடி இல்லாத ஸ்பீக்கர், கேஸ் அடுப்பு பர்னர், யாரோ வீட்டு நிலைக்கதவு, பித்தளைத் தவலை, பழைய சைக்கிள். ஒரு பக்கம் காய்கறி, இன்னொரு பக்கம் புறா, லவ் பேர்ட்ஸ், கலர் அடித்த கோழிக்குஞ்சு.

எங்கள் வீட்டு மிக்ஸி ஜார் மூடி உடைந்து, கடையில் கேட்டால் "அந்த மாடல் இப்ப வர்றதில்ல சார், ஜாரோட வாங்கிக்குங்க" என்றார்கள். சந்தையில் ஒரு பெரியவர் முன்னால் மூடிகள் மட்டும் ஒரு சாக்கு நிறைய இருந்தன. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஜார் கொண்டாந்தியா?" என்று கேட்டார். கொண்டுபோகவில்லை. "அடுத்த வாரம் கொண்டா." அடுத்த வாரம் ஜாரோடு போனேன், ஐந்தாறு மூடிகளைப் போட்டுப் பார்த்து, ஒன்றைத் திருகி, தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிக் காட்டிவிட்டு முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். ஆகவே விதி ஒன்று: எதற்கு உதிரி தேடுகிறீர்களோ அதையும் கையில் எடுத்துப் போங்கள். விதி இரண்டு: மின்சாரச் சாமானை ஓட்டிக் காட்டாமல் வாங்காதீர்கள். விதி மூன்று: ரோஜாச் செடி வாங்கினால் பூவைப் பார்க்காதீர்கள், அடிமண்ணைத் தொட்டுப் பாருங்கள், பொலபொலவென்று உதிர்ந்தால் வேர் பிடிக்காத செடி, வீட்டுக்கு வந்து பத்து நாளில் காய்ந்துவிடும். இரண்டு செடி அப்படிப் போனது எனக்கு. காலை ஒன்பதுக்குள் போனால் நல்லது, வெயில் ஏறினால் கூட்டமும் ஏறும். பர்ஸ், போன் முன் பாக்கெட்டில்.

பழைய பொருள் தேடுவதற்கு இந்த ஊருக்கு ராசி ரொம்பப் பழசு. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில்தான் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்பதற்கு அதுதான் முதல் தடயம். தார்ப்பாயில் விரித்திருந்தால் அதற்கும் பேரம் பேசியிருப்போம்.

சாயங்காலம் மட்டும் நேரம் இருந்தால் மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில். ராஜகீழ்ப்பாக்கம் முனையில் இறங்கி மாடம்பாக்கம் ரோட்டில் ஆட்டோ. சோழர் காலக் கற்றளி (கல்லால் கட்டிய கோயில்), தொல்லியல் துறை பராமரிப்பில் இருப்பதால் சுற்றிலும் புல்வெளியும் அமைதியும் மிச்சமிருக்கின்றன. பின்பக்கம் போய் விமானத்தைப் பாருங்கள், யானை படுத்திருக்கிற மாதிரி வளைந்திருக்கும், தூங்கானை மாடம் என்பார்கள். லிங்கம் ரொம்பச் சின்னது, பசு மிதித்த தழும்பு உண்டு என்று கதை. தூண்களில் இருக்கிற குட்டிக் குட்டிச் சிற்பங்களைப் பார்ப்பதற்கே தனியாக அரை மணி நேரம் ஒதுக்கலாம், அருணகிரிநாதர் வந்து பாடியிருக்கிற தலம் வேறு. மதியம் நடை சாத்தியிருக்கும், போய் ஏமாறாதீர்கள்.

காலையில் ஏறத் தெம்பு இருந்தால் திருநீர்மலை, 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ இறங்கி அங்கிருந்து போகலாம். நின்ற, இருந்த, கிடந்த, நடந்த என்று நான்கு கோலத்திலும் பெருமாள் இங்கே இருக்கிறார், நின்ற கோலத்து நீர்வண்ணர் மட்டும் அடிவாரத்தில், மற்ற மூவரும் மலைமேல். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி ஒரே தண்ணீர், வடியும்வரை ஆறு மாசம் காத்திருந்தார் என்று சொல்வார்கள். இந்தப் பக்கத்து மழைக்காலத்தைப் பார்த்தவர்களுக்கு அதை நம்புவதில் சிரமமே இருக்காது. மேலிருந்து பார்த்தால் விமானங்கள் இறங்குவது தெரியும், குழந்தைகளைக் கூட்டிப்போனால் சாமியைவிட அதுதான் ஈர்க்கும்.

குழந்தைகள் என்றதும் வண்டலூர் ஜூ. எழும்பூரில் 1855-ல் ஆரம்பித்த மிருகக்காட்சிசாலை 1985-ல்தான் இங்கே வந்தது, இப்போது 602 ஹெக்டேர். அந்தப் பரப்பளவை மனதில் வையுங்கள், இது நடந்து தீர்க்கிற இடம் இல்லை. செவ்வாய்க்கிழமை விடுமுறை. லோக்கலில் வண்டலூரில் இறங்கி, திறந்தவுடன் உள்ளே போய்விடுங்கள், பதினொரு மணிக்கு மேல் புலியும் தூங்கும், நீங்களும் சோர்ந்துவிடுவீர்கள். வயதானவர்கள் வந்தால் பேட்டரி வண்டி, இளசுகள் என்றால் வாடகை சைக்கிள். உள்ளே ஓட்டேரி ஏரி இருக்கிறது, குளிர்காலத்தில் பறவைகள் நிறைய, கூட்டம் சிங்கத்தைத் தேடி ஓடும்போது நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். பறவைப் பைத்தியம் இன்னும் முற்றினால் மேடவாக்கம் தாண்டி பள்ளிக்கரணை சதுப்புநிலம், 2022-ல் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தது. பைனாகுலர் வேண்டும், ரோட்டோரம் நிற்பதால் லாரி ஹாரனைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எம்.சி.சி. வளாகம் 365 ஏக்கர், புள்ளிமான் திரிகிற காடு. ஆனால் அது கல்லூரி, நினைத்தபோது உள்ளே போய் உலாவ முடியாது, விழா நாட்களில் வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். நடைப்பயிற்சிக்கு சிட்லபாக்கம் ஏரிக்கரை போதும். உடம்புக்கு முடியவில்லை, சித்த வைத்தியத்தில் நம்பிக்கை உண்டு என்றால் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, காலையிலேயே போய் சீட்டு வாங்குங்கள், கூட்டம் திருவிழா மாதிரி இருக்கும். காசநோய்க்காரர்களுக்கு நல்ல காற்று வேண்டும் என்று 1928-ல் இங்கே சானடோரியம் கட்டினார்கள். இப்போது ஜிஎஸ்டி ரோட்டு ஓரத்தில் நின்று அந்தக் காற்றைச் சுவாசித்துப் பார்க்கலாம்.

7. வீடு பார்க்க வந்தவர்களுக்கு, மழைக்கு முன்னால்

காய்கறிக்கு சண்முகம் சாலைப் பக்கம், ராத்திரி எட்டரைக்கு மேல் கீரையும் தக்காளியும் பாதி விலைக்கு வரும். அதெல்லாம் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்டுபிடிக்க நேரம் தராதது மழைதான். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அடையாறு கரைபுரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் படகு போனது. அதற்குப் பிறகு கால்வாய்கள் வெட்டினார்கள், ஆனாலும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அந்தப் பக்கத்துக்காரர்கள் ஏரி மட்டத்தை கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், புரோக்கரிடம் கேட்கவே கேட்காதீர்கள். அந்தத் தெருமுனை மளிகைக் கடையில் ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு, "அண்ணாச்சி, பதினஞ்சுல இங்க தண்ணி வந்துச்சா?" என்று மட்டும் கேளுங்கள். நான் பார்த்த முதல் வீட்டுத் தெருவில் அப்படிக் கேட்டேன். அவர் பதில் பேசவில்லை, கல்லாவுக்குப் பின்னால் திரும்பி, சுவரில் தன் தோள் உயரத்தில் இருந்த ஒரு பழுப்புக் கோட்டில் விரலை வைத்துக் காட்டினார். ராஜகீழ்ப்பாக்கத்தில் முழங்கால் வரை காட்டினார்கள். மாடி வீடாகப் பார்த்து வந்துவிட்டேன்.